தங்கலான் – கங்கம்மா இல்லறம்

பா. இரஞ்சித் இயக்கி 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘தங்கலான்’ திரைப்படத்தின் மையத் தம்பதியர் தங்கலான், கங்கம்மா. முறையே விக்ரம், பார்வதி திருவோத்து நடித்தனர். கதைக்களம் 19-ஆம் நூற்றாண்டின் வட ஆர்க்காட்டு வேப்பூரும் கோலார் தங்கவயலும். படப்பிடிப்பின் ஒரு பகுதி தங்கவயலிலேயே நடந்தது.

இருவரும் பிள்ளைகளோடு சொந்த நிலத்தில் உழைத்து வாழ்பவர்கள். நிலம் மிராசுதாரிடம் போனதும் குடும்பம் பண்ணையடிமையாகிறது. நிலத்தை மீட்கும் எண்ணத்தில் கணவன் ஆங்கிலேயரான கிளமெண்டுடன் தங்கம் தேடப் புறப்படுகிறான்.

கங்கம்மா வாய் அடங்கிய மனைவியாகக் காட்டப்படவில்லை. கணவனைத் திட்டுவாள், கேலி பேசுவாள், அவனோடு சரிக்குச் சரியாகப் பாடுபடுவாள். கால்சட்டை அணிந்து ஊர் திரும்பும் தங்கலான் பெண்களுக்கு ரவிக்கை கொண்டுவரும் காட்சி இவ்வுறவின் உச்சம். அதுவரை மாராப்புச் சேலையோடு இருந்த பெண்கள் கூச்சமும் பூரிப்புமாக அவற்றை அணிந்து பார்க்கின்றனர். ‘மினிக்கி மினிக்கி’ பாடல் இம்மகிழ்ச்சியைக் கொண்டாடுகிறது. இங்கு ரவிக்கை கணவன் தரும் பரிசு மட்டுமல்ல. சாதியால் மறுக்கப்பட்ட மானத்தின் அடையாளமும் ஆகும்.

குடும்பம் சுரங்க நிலத்துக்குச் சென்றபின் தங்கத்தின் மீதான தங்கலானின் வேட்கையும், மாளவிகா மோகனன் ஏற்ற ஆரத்தி என்னும் காவல் சக்தியும் தம்பதியரிடையே விரிசலை உண்டாக்குகின்றன.

படம் புனைவே. எனினும் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து ஒடுக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் தங்கவயலுக்குப் பெயர்ந்தது வரலாறு. அங்கு 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப்பணி 2001-இல் நின்றது.