பிழை பொறுக்கும் எழுத்து: ஆர். சி. போஸும் ஆழ்விண்வெளிச் செய்திகளும்

ஓலைச்சுவடிகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு இலக்கிய வாசகர்கள் அறிந்ததே. ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு காட்டுவதில்லை. படியெடுக்கப் படியெடுக்கப் பிழை பெருகும். 'அறம்' என்ற சொல் கைத்தவறாக 'அரம்' என்று விழுந்துவிட்டால், அதுவும் பொருளுள்ள சொல்லே. ஆனால் அடுத்த அடி 'புறம்' என்று தொடங்குமானால், எதுகை பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும். பொருளைச் சொல்வதற்கு வேண்டிய அளவைக் காட்டிலும் கூடுதலான ஓர் ஒழுங்கு செய்யுளில் இருக்கிறது. அந்த மிகைதான் அதற்குக் காவல்.

இதே கொள்கையின் மீதுதான் ஆழ்விண்வெளித் தகவல் தொடர்பும் நிற்கிறது. அதன் அடிப்படைக் கணிதத்தில் ஒரு பெரும்பகுதி இந்தியாவில், வயல் பரிசோதனைகளை முன்னிட்டு வளர்ந்தது என்பதைத் தமிழில் அதிகம் பேர் எழுதியதாகத் தெரியவில்லை. ஆகவே இக்கட்டுரை.

1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 நெப்டியூனைக் கடந்தபோது பூமியிலிருந்து சுமார் 440 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அதன் ஒலிபரப்பியின் ஆற்றல் ஏறத்தாழ 20 வாட்; ஒரு சிறிய மின்விளக்கு எரிவதற்குப் போதுமான அளவு. நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்து சேரும் அந்த நலிந்த சமிக்ஞையில் பூஜ்யம் ஒன்றாகவும், ஒன்று பூஜ்யமாகவும் மாறிப்போவது இயல்பு. மறுபடி சொல் என்று கேட்டால் பதில் வர எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். செய்தியிலேயே அதைத் திருத்திக்கொள்ளும் வழியும் சேர்ந்து வந்தாக வேண்டும்.

அது எப்படி இயலும்? இராஜபாளையத்தில் நூற்பாலைகள் வந்த காலந்தொட்டுப் பேரேடு எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. ஆள்வாரியாகக் குறுக்கேயும், நாள்வாரியாக நெடுக்கேயும் கூலியைக் கூட்டி வைப்பார்கள். எங்கோ ஓர் எண் தவறாக இருந்தால் ஒரு குறுக்குக் கூட்டலும் ஒரு நெடுக்குக் கூட்டலும் பிசகும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில்தான் பிழை. வித்தியாசம் எவ்வளவோ, திருத்தமும் அவ்வளவே. ஆனால் இரண்டு கட்டங்களில் ஒரே அளவு பிழை நேர்ந்தால் எந்த வரிசையை எந்தப் பத்தியோடு சேர்ப்பது என்று தெரியாமல் கணக்கர் திகைத்துப் போவார். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட குறியீடும் ஒரு தொகுதியில் ஒரு பிழையை மட்டுமே திருத்தவல்லது. இரண்டு, மூன்று, இன்னும் பல பிழைகளைத் திருத்தும் பொதுவழி வேண்டியிருந்தது.

அதைக் கண்டவர்களுள் ஒருவர் ராஜ் சந்திர போஸ். 1901இல் ஹோஷங்காபாதில் பிறந்தவர். வடிவியலில் தோய்ந்த அவரை 1932இல் பி. சி. மகலனோபிஸ் கல்கத்தாவில் தாம் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு அழைத்துக்கொண்டார். அங்கே அவருக்கு வாய்த்த சிக்கல்கள் வேளாண்மையைச் சார்ந்தவை.

இராஜபாளையத்துக்குக் கிழக்கே சாத்தூர்ப் பக்கம் விரியும் கரிசல் காட்டை எண்ணிக்கொள்வோம். நான்கு வகைப் பருத்தியில் எது நல்ல விளைச்சல் தரும் என்று பார்க்க வேண்டும். ஆனால் நிலம் ஒருசீராக இராது. ஒரு மூலை வளமாகவும் ஒரு மூலை வறண்டும் கிடக்கும். எனவே நிலத்தைப் பதினாறு பாத்திகளாக்கி, ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் ஒவ்வொரு வகையும் ஒரே முறை வருமாறு விதைப்பார்கள். இதற்கு இலத்தீன் சதுரம் என்று பெயர். உரம், நீர், விதைப்பருவம் என்று காரணிகள் பெருகினால் எல்லாச் சேர்க்கைகளையும் விதைத்துப் பார்க்க நிலமும் போதாது, காலமும் போதாது. சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் ஒன்றன் விளைவு மற்றொன்றன் விளைவோடு குழம்பிவிடக் கூடாது.

இதற்குப் போஸ் கைக்கொண்ட கருவி முடிவுறு களம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் குறைவின்றி நடக்கும், ஆனால் உறுப்புகள் எண்ணி முடிக்கத்தக்க ஒரு தொகுதி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்வா என்ற பிரெஞ்சு இளைஞர் கண்டது. நடைமுறைக்கு உதவாத தூய கணிதம் என்று கருதப்பட்டது. 1938இல் போஸ் அதைப் பரிசோதனைச் சதுரங்களை அமைக்கப் பயன்படுத்தினார். நெல் தூற்றும் களத்தின் பெயரையே தமிழ்க் கணிதம் இதற்குச் சூட்டியிருப்பது நமக்கு இனிய தற்செயல். அதே கழகத்தில், சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பிறந்த சி. ஆர். ராவ் 1940களில் வகுத்த செங்குத்து அணிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. குறியீட்டுக் கோட்பாட்டோடு நெருங்கிய உறவுடையவை.

போஸ் 1949இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவருடைய மாணவராக இருந்தவர் டி. கே. ராய் சௌதுரி. செய்திக் குறியீட்டின் சிக்கலை அவர்கள் அணுகியபோது அது பழைய வயல் சிக்கலின் மறுவடிவமாகவே இருந்தது. ஒரு காரணியின் விளைவு மற்றொன்றோடு குழம்பக் கூடாது என்பது அங்கே விதி. ஒரு பிழைக் கூட்டத்தின் தடம் மற்றொரு பிழைக் கூட்டத்தின் தடத்தோடு குழம்பக் கூடாது என்பது இங்கே விதி. இரண்டையும் ஒரே கணிதம் ஆள்கிறது. 1960இல் இருவரும் தம் கட்டுரையை வெளியிட்டனர். பிரான்சில் அலெக்சிஸ் ஓக்கங்கெம் 1959இலேயே தனியாக இதைக் கண்டிருந்தார். மூவரின் முதலெழுத்துகளும் சேர்ந்து பி.சி.எச். குறியீடு என்ற பெயர் நிலைத்தது. பதினைந்து பிட்டுகளில் ஏழு செய்திக்கு என்றால் இரண்டு பிழை திருத்தலாம். ஐந்து மட்டும் செய்திக்கு என்றால் மூன்று பிழை திருத்தலாம். எவ்வளவு காவல் வேண்டுமோ அவ்வளவு விலை.

அதே 1960இல் ரீடும் சாலமனும் வெளியிட்ட குறியீடு இந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வியாழன், சனி சந்திப்புகளில் வாயேஜர் கலங்கள் கையாண்ட கோலே குறியீட்டில் பன்னிரண்டு பிட் செய்திக்குப் பன்னிரண்டு பிட் காவல். யுரேனஸ் சந்திப்பிலிருந்து, அதாவது 1986இலிருந்து, ரீட் - சாலமன் குறியீடு வந்தது. இதில் 223 எழுத்துக்கு 32 எழுத்தே காவல். பதினாறு எழுத்து வரை சிதைந்தாலும் மீட்டுவிடலாம். காவலுக்கான செலவு இப்படிக் குறைந்ததும், தொலைவு கூடக் கூடச் சுருங்கிவந்த செய்தி வழியில் படங்களுக்குக் கூடுதலாக இடம் கிடைத்தது.

பிற்காலத்தில் இவற்றினும் வலிய குறியீடுகள் வந்துவிட்டன. ஆயினும் கலங்களுக்குப் பூமியிலிருந்து செல்லும் ஆணைகளைக் காக்கப் பன்னாட்டு விண்வெளி நெறிமுறைகளில் 56 பிட்டுக்கு 7 பிட் காவலுடைய ஒரு பி.சி.எச். குறியீடு இடம்பெற்றிருக்கிறது. போஸ் 1987இல் மறைந்தார். நெப்டியூனின் படங்களை அவர் காணவில்லை.

மகலனோபிஸின் கழகத்தில் கால்வாவின் களங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அந்த நாளில், இதனால் ஏழை நாட்டுக்கு என்ன பயன் என்று யாரேனும் கேட்டிருந்தால், விளைச்சல் கணக்கைத்தான் அவரால் காட்டியிருக்க முடியும். விண்கலம் என்ற ஒன்றே அப்போது இல்லை. பயனை முன்கூட்டியே கேட்கும் இந்தக் கேள்வி இன்றைக்கும் கணிதத்துறைகளின் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் இந்த வரலாற்றை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தேநீர்க் கடையில் காசு செலுத்தக் கைப்பேசியை நீட்டும்போது, அங்கே ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையைச் சற்றே உற்றுப் பார்க்கலாம். அதன் மூலைக் கட்டங்களை ஒட்டி, அட்டையை எவ்வாறு படிப்பது என்ற குறிப்பு பதினைந்து பிட்டுகளில் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து செய்திக்கு, பத்து காவலுக்கு. போஸும் ராய் சௌதுரியும் எழுதிய அதே கணக்குதான். தேநீர்க் கறை படிந்திருந்தாலும் அட்டை படிக்கப்பட்டுவிடுகிறது.