கடலூர் இந்துமதி

கிரிக்கெட் என்றால் பதினோரு பேர் பெயரையும் ஒப்பிக்கிற நமக்கு, பெண்கள் கால்பந்து என்றதும் ஒரு பெயர்கூட வாயில் வராது. கடலூர் இந்துமதி கதிரேசன் பெயரையாவது தெரிந்துகொள்ளலாம்.

ஆடுவது நடுக்களம். ஆனால் கோல்களைப் பார்த்தால் முன்கள வீராங்கனை என்றே தோன்றும்! 2018 பிப்ரவரி, கட்டாக்கில் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே மணிப்பூர்; இந்தக் கோப்பையை வீட்டுச் சொத்துபோல் வைத்திருந்த அணி. அதை 2-1 என வீழ்த்தி தமிழகம் முதன்முறையாகப் பட்டம் வென்றது. அதில் ஒரு கோல் இந்துமதியுடையது.

2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசியக் கோப்பை. அரையிறுதியில் வங்கதேசத்துக்கு இந்தியா போட்ட 4 கோல்களில் 2 இவர் அடித்தவை. கோப்பையும் இந்தியாவுக்கே. அதே மே மாதம் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றபோதும் அணியில் இருந்தார் (போடிக்காரர்களுக்கு இது பக்கத்து ஊர் அணி).

2020 ஊரடங்கில் பந்துக்கு வேலை இல்லை. காவல்துறை உதவி ஆய்வாளராகச் சென்னைச் சாலைகளில் நின்றார். பிறகு 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம். போட்டி நடந்ததும் இந்தியாவில்தான். ஈரானுடன் 0-0. அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் கொரோனா புகுந்தது. களமிறக்க 13 பேர்கூடத் தேறவில்லை. இந்தியா போட்டியிலிருந்தே வெளியேற வேண்டியதாயிற்று.