கிரிவலம் நின்ற காலம்: கொள்ளைநோய்ச் சூழலில் ஆதரவற்றோரின் மனநலம்

கொள்ளைநோய் பரவுங்கால் மக்கள் கூடுவதைத் தடுப்பது அரசாங்கத்தின் முதற் கடமை என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், கூட்டமே எவர்க்கு உணவாகவும் உறவாகவும் இருந்ததோ அவர்கள் அத்தடையினால் என்ன கதி அடைவர் என்னும் வினா, நமது பொதுச் சுகாதாரச் சிந்தனையில் உரிய இடம் பெறவில்லை. அதை ஆராய்வதற்குத் திருவண்ணாமலையினும் தகுந்த க்ஷேத்திரம் அரிது.

மலையைச் சுற்றிவரும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில், அஷ்டலிங்க சந்நிதிகளை அண்டியும் மரத்தடிகளிலும் வாழ்வோர் ஒரு தன்மையர் அல்லர். வைராக்கியத்தால் வீடு துறந்த சாதுக்கள் உளர்; பிள்ளைகள் கைவிட்ட முதியோர் உளர்; சித்தம் கலங்கி, ஊரும் பேரும் சொல்ல இயலாமல் வந்து சேர்ந்தோரும் உளர். காவித்துணி இம்மூவகையினரையும் ஒன்றாகக் காட்டிவிடுகிறது. பௌர்ணமிதோறும் யாத்திரிகர் இடும் சோற்றோடு, "சாமி, சாப்பிட்டாச்சா?" என்று தேநீர்க்கடைக்காரர் நாள்தோறும் கேட்கும் வார்த்தையும், நேற்றிருந்தவரை இன்று காணோமே என்று பக்கத்துத் திண்ணையில் எழும் கவலையும் சேர்ந்தே இவர்களைத் தாங்கி வந்தன.

கொரோனாப் பரவலால் 2020 மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது, கோயில்கள் பக்தர்க்கு அடைபட்டன, கிரிவலம் நின்றது, அவ்வாண்டு நவம்பர் 29-இல் வந்த கார்த்திகை தீபமும் வழக்கமான ஜனத்திரள் இன்றியே நிகழ்ந்தது. தர்மசிந்தையுடையோர் அளித்த உணவுப் பொட்டலங்கள் பசியை ஆற்றின. ஆனால், தினமும் வாங்கி உண்ட மாத்திரை தடைப்பட்டவர்க்கும், மதுக்கடை திடீரென மூடப்பட்டதால் நடுக்கமும் பிரமையும் கண்டவர்க்கும், முகக்கவசம் அணிந்து நெருங்குவோரைக் கண்டு அஞ்சிய பேதையர்க்கும் பொட்டலம் மட்டும் போதுமானதன்று.

இதற்கு முன்னும், 1905-ஆம் ஆண்டளவில் இவ்வூரில் பிளேக் பரவியபோது, ரமண மகரிஷியும் அவரைச் சூழ்ந்திருந்தோரும் பச்சையம்மன் கோயிலுக்குச் சென்று சில மாதங்கள் தங்கினர். அன்றைய பரிகாரம் இடம் பெயர்தல். உடனிருப்போரோடு பெயர்ந்தமையால் உறவு அறுபடவில்லை. 2020-இன் பரிகாரமோ வீட்டிலேயே இருத்தல். வீடற்றவனுக்கு அக்கட்டளை பொருளற்றது.

சாதுக்கள் தாமே தனிமையை விரும்பியவராதலின் அவர்களுக்கு மனத்துணை எதற்கு என வினவலாம். விரும்பி ஏற்ற தனிமை வேறு, சுமத்தப்பட்ட தனிமை வேறு. பிக்ஷை ஏற்கும் துறவியும் இடுகின்ற கையோடு தொடர்புடையவரே. மறுபுறம், தெருவில் வாழ்வோர் அனைவரையும் நோயாளர் எனக் கருதி ஓரிடத்தில் அடைத்து வைப்பதும் அநீதியாகும். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையான கொடுமையை நாம் மறத்தலாகாது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்றுத் தெருவில் திரிவோரைக் காவலர் பாதுகாப்பில் ஏற்று, 24 மணி நேரத்துக்குள் அரசுச் சுகாதார நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும் என விதிக்கிறது. 2022 முதல் 14416 என்னும் டெலி மானஸ் மனநலத் தொலைபேசி உதவி எண்ணும் இயங்குகிறது. சட்டம் நோயாளரை இனங்காணும் ஒருவரை வேண்டுகிறது. தொலைபேசியோ கையில் ஒரு கருவியை வேண்டுகிறது. இரண்டும் இல்லாதவனை அறிந்தவர் பாதையோரத்து மனிதரே. ஆகவே, அன்னதானக் கூடத்தாரும் கடைக்காரரும் துப்புரவுப் பணியாளரும், உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறும் பார்த்தல், செவிமடுத்தல், இணைத்தல் என்னும் உளவியல் முதலுதவியைச் சாதாரண காலத்திலேயே பயில வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தார் அவர்கள் துணையோடு பாதையோரத்தாரைப் பெயரால் அறிந்து வைக்க வேண்டும். அன்னதானமும் மாத்திரை வழங்கலும் ஊரடங்கிலும் நில்லாத அத்தியாவசியப் பணிகளென முன்கூட்டியே விதிக்கப்பட வேண்டும்.

பாதையை அடைக்கும் ஆணை பிறக்கும் நாளிலேயே, அந்தப் பெயர்களை அறிந்த ஒருவர் உணவும் மருந்தும் ஏந்தி அந்த 14 கிலோமீட்டரையும் நடந்துவர அனுமதியும் பிறக்குமாயின், அத்தடை நோயை மட்டுமே தடுத்ததாகும்.