ராத்திரி இருமலும் இனிப்பு மருந்தும்

போன மார்கழியில் தம்பி மகன் சென்னையிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தான். வெளியே நல்ல பனி. ராத்திரி ஒரு மணிக்கு மூணு வயசுப் பேத்திக்கு இருமல் பிடிச்சுக்கிச்சு. மருமக பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.

"ஒரு மூடி குடுத்தா தூங்கிருவா மாமா."

"கொஞ்சம் பொறும்மா"ன்னு வாங்கி, டார்ச் அடிச்சு லேபிளைப் படிச்சேன். பூச்சிமருந்து டப்பாவைப் படிச்சுப் பழகின கண்ணு. அதிலாவது விஷம்னு முக்கோணம் போட்டிருப்பான். இதில் பழப் படம்தான் இருந்தது.

இருமல் மருந்தின் கதையே இப்படித்தான். 1898-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி இருமலுக்குன்னு ஒரு மருந்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பேர் ஹெராயின்! பேர் பிரமாதம், பாட்டில் பிரமாதம். உள்ளே என்ன இருக்குன்னு அப்புறம்தான் உலகத்துக்குப் புரிந்தது.

1937-ல் அமெரிக்காவில் தொண்டை வலிக்கு ஒரு இனிப்பு மருந்து வந்தது. மாத்திரையாக இருந்ததைத் திரவமாகக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைச் சேர்த்திருந்தார்கள். இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கொல்லும். குழந்தைகள் உட்பட 100 பேருக்கு மேல் செத்தார்கள். விற்கும் முன் சோதிக்கணும்னு அன்றைக்குச் சட்டமே இல்லை. 'எலிக்சர்'னு பேர் வைத்துவிட்டு அதில் ஆல்கஹால் இல்லையே என்ற தப்புக்குத்தான் வழக்குப் போட முடிந்தது. மறு வருஷம், 1938-ல்தான் புதுச் சட்டம் வந்தது.

பாடம் அதோடு முடிந்ததா? 2022-ல் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் இறந்தார்கள். இந்தியாவில் தயாரான சிரப்புகளில் அதே ரசாயனம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள். அந்தச் சிரப் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்தபோது 48.6 சதவீதம் அதே கிளைக்கால். அனுமதி 0.1 சதவீதம்தான். கலப்பட உரம் போட்டால் ஒரு போகம் போகும். இதில் போனது பிள்ளைகள்.

சரி, கலப்படம் இல்லாத நல்ல மருந்து? அமெரிக்காவில் 1970-களில் குழந்தைகளுக்கு அளவு எப்படி வைத்தார்கள் தெரியுமா? 6 முதல் 11 வயசுக்குப் பெரியவங்க அளவில் பாதி, 2 முதல் 5 வயசுக்குக் கால் பங்கு. கன்னுக்குட்டிக்கு மாட்டுத் தீவனத்தை அளந்து போடுற கணக்கு. 2008-ல் அதே அமெரிக்க அரசு, 2 வயசுக்குக் கீழே கடை இருமல் மருந்து வேண்டாம்னு சொல்லியது. நம்ம மத்திய அரசும் 2025 அக்டோபரில் 2 வயசுக்குக் கீழே கூடாது, 5 வயசுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லைன்னு அறிவுறுத்தியது.

இருமல் சளியை வெளியே தள்ளும் வேலை. பெரும்பாலும் சில நாளில் தானே போகும். நாம மருந்து கொடுப்பது பல நேரம் நம்ம தூக்கத்துக்காகத்தான்.

மருமககிட்ட இதையெல்லாம் அந்த நேரத்தில் சொல்லலை. வெதுவெதுப்பான தண்ணியும், அரை ஸ்பூன் தேனும் கொடுத்தோம். (ஒரு வயசு முடியாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.) தேன் ராத்திரி இருமலைக் குறைக்குதுன்னு 2007-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சியே செஞ்சிருக்காங்க.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, தண்ணி குடிக்க மறுத்தாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. பேத்திக்கு அப்படி எதுவும் இல்லை. மூணு மணி வரைக்கும் விட்டு விட்டு இருமினாள். மாத்தி மாத்தித் தோளில் போட்டுக்கிட்டோம். அப்புறம் தூங்கிட்டாள்.

காலையில் மருமக அந்தப் பாட்டிலைக் குப்பையில் போட்டாள். நான் ஒண்ணும் சொல்லலை.