தையல் இல்லாத அங்கி

பெரிய வெள்ளியன்று கோயிலில் யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றை வாசிப்பார்கள். சிலுவையடியில் படைவீரர்கள் இயேசுவின் உடைகளைப் பங்கு போடுவார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக இருந்த அங்கியை மட்டும் கிழிக்காமல் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். அதை நெய்தவள் மரியாள் என்று ஒரு பழைய மரபு உண்டு. சிறுமியாக அந்த நீண்ட வாசகத்தை நின்றுகொண்டே கேட்கும்போது எனக்குப் பிடித்திருந்த இடம் அது ஒன்றுதான். அதே அங்கியை வைத்து அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள் என்பதைப் பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த உவமையைத் தொடங்கிவைத்தவர் ஐலீன் ஈகன். கத்தோலிக்க நிவாரண அமைப்பில் போர் அகதிகளுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். அன்னை தெரசாவை உலகம் அறிவதற்கு முன்பே கல்கத்தாவில் அறிந்து, பிறகு அவருடைய வரலாற்றை எழுதியவரும் இவரே. எந்தப் போரையும் நியாயப் போர் என்று ஏற்காதவர். உயிரைக் காப்பது தையல் இல்லாத அங்கி போன்றது என்று 1971இல் சொன்னார். கருவுக்காகக் குரல் கொடுப்பவர் வியட்நாமில் குண்டுக்கு இரையாகிறவருக்காகவும், மரண தண்டனைக் கைதிக்காகவும், பட்டினி கிடப்பவருக்காகவும் குரல் கொடுக்க வேண்டும். வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் பொருள்.

ஈகனின் தோழி டோரதி டே. 1933 மே 1 அன்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ பத்திரிகையை ஒரு சென்ட் விலைக்கு விற்கத் தொடங்கியவர். வேலையும் வீடும் இல்லாதவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் தரும் இல்லங்களை நடத்தியவர். கத்தோலிக்கராவதற்கு முன், இருபதுகளின் தொடக்கத்தில், காதலன் விட்டுப் போய்விடுவான் என்ற பயத்தில் கருவைக் கலைத்துக்கொண்டார். அவன் அப்படியும் போய்விட்டான். 1924இல் வெளியான தன் நாவலில் அந்தக் கதையை எழுதினார். பின்னாளில் கருக்கலைப்பைக் கண்டித்தும் பேசினார். இது பெண்ணியவாதிகளான நமக்குச் சங்கடமான இடம். அந்தக் கண்டனத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அது அனுபவித்தவள் வாயிலிருந்து வந்தது. வீடற்றவளுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தவளின் பேச்சு அது. எந்த ஆயரின் அறிக்கையையும் இதோடு சமமாக வைத்துப் படிக்க என்னால் முடிவதில்லை.

அந்த உவமையைப் பிரபலமாக்கியவர் சிகாகோவின் கர்தினால் ஜோசஃப் பெர்னார்டின். 1983 மே மாதம் அமெரிக்க ஆயர்கள் அணு ஆயுதப் போட்டியைக் கேள்வி கேட்டு ஒரு மடல் வெளியிட்டார்கள். அதை எழுதிய குழுவின் தலைவர் அவர். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். பலவீனமானவர்களின் உயிருரிமைக்காக நிற்பவர்கள், பசித்தவர்கள், வீடற்றவர்கள், ஆவணமில்லாமல் குடியேறியவர்கள் ஆகியோரின் வாழ்க்கைக்காகவும் அதே அளவுக்கு வெளிப்படையாக நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். உவமை அவருடையது என்றே பலரும் இன்றும் நினைக்கிறார்கள்.

பழமைவாதிகளுக்கு இது பிடிக்கவில்லை. கருக்கலைப்பைப் பத்தோடு பதினொன்றாக ஆக்கிவிட்டார் என்றார்கள். என் மனத்தாங்கல் வேறு. கரு, போர்வீரர், கைதி, ஏழை, சாகக் கிடப்பவர் என்று அந்த வரிசை நீள்கிறது. கருவைச் சுமப்பவள் முடிவெடுக்கும் ஆளாக அதில் எங்கும் வருவதில்லை.

அடுத்த ஆண்டே அங்கியின் பலம் சோதனைக்கு வந்தது. ஜெரால்டின் ஃபெராரோ துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார். பெரிய கட்சி ஒன்று அந்த இடத்துக்கு நிறுத்திய முதல் பெண், அதிலும் கத்தோலிக்கர். நியூயார்க் பேராயர் ஜான் ஓ'கானர் கருக்கலைப்பு விஷயத்தில் அவரைப் பகிரங்கமாகச் சாடினார். 1984 அக்டோபர் 7 அன்று நியூயார்க் டைம்ஸில் ஒரு விளம்பரம் வந்தது. இந்தக் கேள்வியில் கத்தோலிக்கர்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் இருக்கின்றன, அதைப் பற்றி மனம் திறந்து பேசுவோம் என்பதுதான் அதன் சாரம். 97 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அவர்களில் 24 பேர் கன்னியாஸ்திரிகள். கையெழுத்தைப் பகிரங்கமாகத் திரும்பப் பெறாவிட்டால் சபையிலிருந்து நீக்கம் என்று வத்திக்கானிலிருந்து கடிதம் வந்தது.

அணு ஆயுத மடலை மறுத்து மைக்கேல் நோவாக் போன்ற கத்தோலிக்க அறிவாளர்கள் தங்கள் தரப்பை எழுதி வெளியிட்டபோது யாரும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அவர் வார்த்தைப்பாடு கொடுத்த துறவி அல்ல, அவரை நீக்க வழியில்லை என்று பதில் சொல்லலாம். சரிதான். ஆனால் குண்டைப் பற்றிக் கருத்து வேறுபடலாம், கருப்பையைப் பற்றிக் கூடாது என்ற கணக்கு அதனால் மாறிவிடவில்லை.

பெரும்பாலானவர்கள் தங்கள் சபைத் தலைவிகள் மூலம் ஏதோ ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். பார்பரா ஃபெராரோ, பட்ரீஷியா ஹஸ்ஸி இருவரும் வரவில்லை. (வேட்பாளரின் பெயர்தான் இவருக்கும், உறவு இல்லை.) மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் வீடற்றவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்தவர்கள் அவர்கள். பெர்னார்டின் தன் உரையில் கேட்ட வேலையை அன்றாடம் செய்துகொண்டிருந்தவர்கள் என்றே சொல்லலாம். 1988இல் இருவரும் தாங்களாகவே சபையை விட்டு வெளியேறினார்கள்.

அதே ஆண்டுதான் பெண்களைப் பற்றி ஆயர்கள் எழுதத் தொடங்கிய மடலின் முதல் வரைவு வெளியானது. நாடு முழுவதும் பெண்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்டிருந்தார்கள். வரைவில் அந்தக் குரல்கள் கேட்டன. அடுத்தடுத்த வரைவுகளில் அவை தேய்ந்துகொண்டே போயின. கடைசியில் இதை வெளியிடாமல் இருப்பதே மேல் என்று பெண்கள் பலரே கேட்டுக்கொண்டார்கள். அமைதியைப் பற்றி 1983இல் ஒரு மடல், பொருளாதார நீதியைப் பற்றி 1986இல் ஒரு மடல் என்று நிறைவேற்றிய அதே ஆயர் பேரவையில், நான்காவது வரைவு 1992 நவம்பரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் தோற்றது. அது ஒரு குழுவின் அறிக்கையாக மட்டும் வெளிவந்தது.