கைமாறிய கோட்டையும் முறை வைத்த ஏரியும்

பழவேற்காட்டில் எங்கள் குப்பத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் கெல்டிரியா கோட்டையின் இடிபாடு முள் மண்டிக் கிடக்கிறது. விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி 1610இல் இடம் கொடுக்க, டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கோட்டை அது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். துணி மூட்டைகளோடு மனிதர்களையும் அடிமைகளாக இங்கிருந்து படேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

பிறகு ஊர் பல முறை கைமாறியது. 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். 1795இல் மறுபடி பிடித்து 1818இல் கொடுத்தார்கள். கடைசியாக 1824 மார்ச் 17ஆம் தேதி இலண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், இந்திய மண்ணிலிருந்த தங்கள் இடங்களையெல்லாம் டச்சுக்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள். சுமத்ராவில் ஆங்கிலேயரின் பெங்கூலன் டச்சுக்காரர்களுக்குப் போனது. அடுத்த ஆண்டு பழவேற்காடு ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனியிடம் வந்தது. இங்கே வலை கட்டிய ஒருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் பழவேற்காட்டு ஏரிக்குள் வேறு ஒரு சட்டம் இருந்தது. அதற்குப் பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் சிலதான். அவற்றுக்கு யாரும் பட்டா கேட்க முடியாது. இன்று ஒரு குப்பத்துக்குப் பாடு என்றால் நாளை அடுத்த குப்பத்துக்கு. குப்பத்துக்குள்ளும் முறை சுற்றிவரும். தன் பாடு வரும் நாளில் என் தாத்தா விடியுமுன்னே கழிகளைப் படகில் ஏற்றிவிடுவார். மற்ற நாளில் அந்த இடத்தில் எவ்வளவு இறால் துள்ளினாலும் வலை போடமாட்டார். மீறியவரைப் பஞ்சாயத்தார் கூப்பிட்டுத் தண்டம் போட்டார்கள். வலியவன் ஏரியை வளைத்துக்கொள்ளாமல் காத்தது இந்த முறைதான். அதை நான் பெருமையோடு சொல்வேன்.

ஆனால் பாடு எங்கள் பட்டினவர் சாதி ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை. ஏரியை நம்பிய தலித் குடும்பங்களுக்கும் இல்லை. இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறியபோது அவர்களும் வலையோடு வந்தார்கள். சண்டை மூண்டது. எங்கள் பெரியவர்கள் வழக்கத்தைக் காட்டினார்கள், அவர்கள் பசியைக் காட்டினார்கள்.

கோட்டையைக் கைமாற்றியவர்கள் எங்களைக் கேட்காதது அநியாயம் என்றால், நாங்கள் இருளரையும் தலித் குடும்பங்களையும் கேட்காமல் ஏரியைப் பங்கு வைத்ததும் அநியாயம்தான். முகத்துவாரம் மணல் மூடி மீன்வரத்து குறைகிறது, தெற்கே துறைமுகங்கள் வளர்கின்றன. இந்த ஏரிக்காக அரசிடம் போய் நிற்கும்போது எல்லோரும் சேர்ந்து நிற்க வேண்டும். அதற்கு முதலில் பாட்டுக் கணக்கில் அவர்கள் பெயரும் ஏற வேண்டும். சுற்றிவரும் முறையில் இன்னும் சில பேரைச் சேர்ப்பது நம் பஞ்சாயத்து ஒரே கூட்டத்தில் முடிவுசெய்யக்கூடிய காரியம்.