பறக்கும் பேப்பரும் பொறுமையும்: எக்ஸ்பியா, விஸ்டாவா, எது வேகம்?

உங்க வீட்டுல 2005 வாக்குல ஒரு கம்ப்யூட்டர் இருந்திருந்தா, இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். ஒரு மஞ்சள் ஃபோல்டர்லேர்ந்து இன்னொரு ஃபோல்டருக்கு வெள்ளைப் பேப்பர் ஒண்ணொண்ணா பறக்கும். விண்டோஸ் எக்ஸ்பில ஃபைல் காப்பி ஆகுற காட்சி அது. நான் அப்ப ஸ்கூல் பையன். பேப்பர் பறக்கிறது நின்னா காப்பி முடிஞ்சுதுன்னு முழுசா நம்பினேன். அது பாதி உண்மைதான்னு இன்ஜினியரிங் முடிச்சு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சுது.

இந்தக் கதைக்குள்ள நான் திரும்பப் போனதுக்குக் காரணம், போன மாசம் ஆபீஸ்ல நடந்த ஒரு விஷயம். ஒரு ரிப்போர்ட் பக்கத்தை மாத்தி எழுதி ரிலீஸ் பண்ணேன். அளந்து பார்த்தா பழசை விட வேகம். ஆனா பயன்படுத்துறவங்க "ஸ்லோ ஆயிடுச்சு"ன்னு புகார் அனுப்பினாங்க. எனக்குக் கோபம். "நம்பரைப் பாருங்க"ன்னு ஒரு வரி பதில் போட்டுட்டேன். அந்தப் பதில் சரியாங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். எக்ஸ்பி 2001 அக்டோபர் 25ல வெளிவந்தது. குறைஞ்சபட்சம் 64 எம்பி ரேம் போதும்னு சொன்னாங்க. அடுத்து வந்த விஸ்டா பொதுமக்கள் கைக்கு வந்தது 2007 ஜனவரி 30ல. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல இடைவெளி. 2004ல அதுவரை செஞ்ச வேலையில பெரும்பகுதியை ஓரம் வெச்சுட்டு, சர்வர் 2003ன் கோட் மேல மறுபடி கட்ட ஆரம்பிச்சாங்க. முடிவுல விஸ்டா கேட்ட குறைஞ்சபட்ச ரேம் 512 எம்பி. எக்ஸ்பி கேட்டதை விட எட்டு மடங்கு! எக்ஸ்பிக்கு வாங்கின மெஷின்ல இதைப் போட்டா மூச்சு வாங்கத்தானே செய்யும்?

ஆனா நல்ல மெஷின் வெச்சிருந்தவங்களும் ஒரு புகார் சொன்னாங்க: "ஃபைல் காப்பி பண்ணவே இவ்வளவு நேரமா?" இங்கதான் விஷயம் சுவாரசியமாகுது.

எக்ஸ்பி ஃபைலை 64 கேபி துண்டுகளா படிக்கும். அதை நேரா டிஸ்க்ல எழுதாது. ரேம்ல கேஷ்னு ஒரு இடத்துல வெச்சுக்கும். அங்கேர்ந்து டிஸ்க்குக்குப் போற வேலை பின்னாடி மெதுவா நடக்கும். அதனால பேப்பர் பறந்து முடிஞ்சு டயலாக் மூடினப்போ, டேட்டாவுல ஒரு பகுதி இன்னும் மெமரியிலதான் இருக்கலாம். வீடு மாறும்போது சாமானை எல்லாம் திண்ணையில இறக்கிட்டு, "முடிஞ்சுது சார்"னு சொல்ற மாதிரி. உள்ள தூக்கி வைக்கிற வேலை பாக்கி இருக்கும். அந்த நேரத்துல கரண்ட் போச்சுன்னா, அந்தச் சாமான் போனதுதான்.

விஸ்டாவை எழுதினவங்க இதை மாத்தினாங்க. பெரிய துண்டுகளா படிச்சு, கேஷ் வழியா போகாம நேரா டிஸ்க்ல எழுத வெச்சாங்க. ஒரு பெரிய ஃபைலைக் காப்பி பண்ணும்போது, மத்த புரோகிராமுக்குத் தேவையான டேட்டா மெமரியிலேர்ந்து வெளியே தள்ளப்படுறது குறையும். டயலாக் மூடினா டேட்டா டிஸ்க்குக்குப் போயாச்சுன்னு அர்த்தம். கேட்க நியாயமாதான் இருக்கு, இல்லையா?

ஆனா விளைவு வேற. உள்ள தூக்கி வைக்கிற நேரமும் இப்ப உங்க கண் முன்னாடி நடக்குது. அதுக்கு மேல, எவ்வளவு நேரம் ஆகும்னு துல்லியமா சொல்லணும்னு, கொஞ்ச நேரம் வேகத்தை அளந்து பார்த்த பிறகுதான் விஸ்டா மதிப்பீட்டையே காட்டும். ஹோட்டல்ல உட்கார்ந்ததும் தண்ணி வெச்சுட்டுப் போற சப்ளையர் எக்ஸ்பி. இட்லி எப்ப வேகும்னு கணக்குப் போட்டுட்டு அப்புறமா டேபிளுக்கு வர்றவர் விஸ்டா.

எல்லாமே பிரமைனு நினைச்சுடாதீங்க. நிஜமான இழப்பும் இருந்தது. நீங்க காப்பி பண்ணின போட்டோவை உடனே திறந்தா, எக்ஸ்பில அது கேஷ்லயே இருக்கும். விஸ்டாவுல திரும்ப டிஸ்க்லேர்ந்து படிக்கணும். சின்ன ஃபைல் நிறைய காப்பி பண்றவங்களுக்கு இது நல்லாவே உறுத்தும்.

2008 பிப்ரவரியில மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் மார்க் ருசினோவிச் இதையெல்லாம் வெளிப்படையா விளக்கி எழுதினார். வாடிக்கையாளர் மேல பழி போடலை. எங்க நம்ம கணக்கு தப்பினதுன்னு படிப்படியா காட்டினார். அடுத்த மாசம் பொதுமக்களுக்குக் கிடைச்ச சர்வீஸ் பேக் 1ல, காப்பி மறுபடி கேஷ் வழிக்கே திரும்பிடுச்சு.

ஆனா பேர் கெட்டது கெட்டதுதான். அதே 2008ல மைக்ரோசாஃப்ட், விஸ்டா மேல நல்ல அபிப்ராயம் இல்லாதவங்களைக் கூப்பிட்டு, "மொஹாவே"ன்னு ஒரு புது சிஸ்டம் காட்டினாங்க. பார்த்தவங்க நல்லா இருக்குன்னாங்க. அப்புறம் உண்மையை உடைச்சாங்க: அது விஸ்டாவேதான்! அதை விளம்பரமாவும் ஓட்டினாங்க. என்னைக் கேட்டா, அது அவங்க தயார் பண்ணின மெஷின்ல அவங்களே காட்டின டெமோ. வீட்டுல 512 எம்பியோட தவிச்சவருக்கு அது பதில் இல்லை.

உண்மையான பதில் 2009 அக்டோபர் 22ல விண்டோஸ் 7ஆ வந்தது. உள்ளுக்குள்ள பார்த்தா அதோட வெர்ஷன் எண் 6.1. விஸ்டா 6.0. அவ்வளவு நெருங்கின சொந்தம். விஸ்டா திறந்திருக்கிற ஒவ்வொரு விண்டோவோட படத்தையும் ரேம்ல ஒண்ணு, கிராஃபிக்ஸ் மெமரியில ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல வெச்சிருந்தது. புது டிரைவர் இருந்தா, 7 அந்த ரெண்டாவது நகலை விட்டுடும். இந்த மாதிரி நிறைய சின்னச் சின்னத் திருத்தம். கூடவே ஜனங்க கையில இருந்த மெஷினும் வளர்ந்திருந்தது.

இப்ப என் ரிப்போர்ட் பக்கம். பழைய வெர்ஷன் கிடைக்கிற வரியை எல்லாம் ஒவ்வொண்ணா திரையில போட்டுட்டே போகும். என்னோடது எல்லாத்தையும் மொத்தமா கொண்டு வந்து ஒரே தடவையில காட்டும். மொத்த நேரம் குறைவுதான். ஆனா அதுவரைக்கும் வெறும் வெள்ளைத் திரை. நான் அளந்தது கடைசி வரி எப்ப வருதுன்னு. அவங்க காத்திருந்தது முதல் வரிக்கு.

முதல் இருபது வரியை உடனே காட்டுற மாதிரி மாத்தி அனுப்பினேன். கூடவே அந்த "நம்பரைப் பாருங்க" பதிலுக்கு ஒரு மன்னிப்பும். நம்பர் சரிதான். நான் தப்பான இடத்துல அளந்திருந்தேன்.

உங்க ஆபீஸ்ல இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதி அனுப்புங்க, வர்ற எபிசோட்ல பேசலாம். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.